ஆசிரியர் ஊக்கம் எங்கிருந்து வருகிறது?



யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்ட நாள்முதல், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்துகொண்டிருக்கிறது. "தேர்வும் போய்விட்டது, இனி ஆசிரியர்களை முடுக்கிவிட என்னதான் இருக்கிறது?" என்பதே அக்கேள்வி. சிலர் கனிவாகக் கேட்கிறார்கள். சிலர் குத்தலாகக் கேட்கிறார்கள். கேட்டவுடன் நம் ஆசிரியர்கள் பலருக்கு முகம் சிவந்துவிடுகிறது. "அப்படியானால் இதுவரை தேர்வுக்குப் பயந்துதான் கற்பித்தோமா?" என்று ஓய்வறையில் பொருமுகிறோம்.

பொருமலை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் அது நியாயமான கேள்விதான். ஆசிரியரின் ஊக்கத்திற்கும் மாணவரின் கற்றலுக்கும் என்ன தொடர்பு, அந்த ஊக்கத்தை வெளியிலிருந்து ஊட்ட முடியுமா என்பதைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளாக உலகின் பல பகுதிகளில் கவனமாக ஆராய்ந்திருக்கிறார்கள். மருந்தைச் சோதிப்பதுபோல, பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் புதிய திட்டத்தைக் கொடுத்து, மறு பிரிவோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் இவை. இம்முறையை வளர்த்தெடுத்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரேமர் ஆகிய மூவருக்கும் 2019இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. சில ஆண்டுகளாக விடுமுறைகளில் இவ்வாய்வுகளை ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். நம் தமிழ்ப்பள்ளிகளை மனத்தில் வைத்துப் படிக்கும்போது தோன்றியவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் தேர்வையே எடுத்துக்கொள்வோம்.

யூ.பி.எஸ்.ஆர். 1988இல் தொடங்கியது; 2019இல் கடைசியாக நடந்தது; 2020இல் பெருந்தொற்றால் கைவிடப்பட்டது; மறு ஆண்டே முற்றாக நீக்கப்பட்டது. 2016 முதல் தேசியப் பள்ளி மாணவர்களுக்கு ஆறு தாள்கள், நம் பிள்ளைகளுக்கோ எட்டுத் தாள்கள். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் நாளிதழ்களில் வரிசை வரிசையாக அச்சாகும் புகைப்படங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழு ஏ, பின்னர் எட்டு ஏ என்று மாலை அணிந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து நானும் பூரித்ததுண்டு. அந்தப் பெருமை வீண் என்று சொல்லமாட்டேன். தோட்டப்புறத்துப் பிள்ளை எட்டு ஏ எடுத்த செய்தி ஒரு குடும்பத்தின் நடையையே மாற்றியிருக்கிறது.

ஆயினும், அந்தத் தேர்வு ஆசிரியரின் உழைப்பை எங்கே குவித்தது என்று பார்க்க வேண்டும். ஆறாம் ஆண்டில் குவித்தது. அதிலும், 'பி'யை 'ஏ' ஆக்கக்கூடிய பிள்ளைகள் மீதும், தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்தக்கூடிய எல்லைக்கோட்டுப் பிள்ளைகள் மீதும் குவித்தது. மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, மாதிரித் தாள் என்று ஆண்டு முழுவதும் ஓடினோம். இரண்டாம் ஆண்டில் எழுத்துக்கூட்ட முடியாமல் அமர்ந்திருந்த பிள்ளைக்காக யாரும் சனிக்கிழமை வகுப்பு நடத்தியதாக எனக்கு நினைவில்லை.

இதற்கு ஒப்பான ஒன்றை மேற்கு கென்யாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியர்களுக்குப் பரிசு கொடுக்கும் திட்டம் அங்கே 1990களின் பிற்பகுதியில் இரண்டு ஆண்டுகள் நடந்தது. பால் கிளெவ்வே, நௌமன் இலியாஸ், மைக்கேல் கிரேமர் மூவரும் அதன் விளைவை 2010இல் வெளியிட்டார்கள். பரிசோடு இணைக்கப்பட்ட தேர்வில் மதிப்பெண் உயர்ந்தது. ஆனால், ஆசிரியர் வருகை கூடவில்லை; வீட்டுப்பாடம் கூடவில்லை; கற்பிக்கும் முறையும் மாறவில்லை. கூடியது ஒன்றே ஒன்றுதான்: தேர்வுக்கு முன்பான கூடுதல் பயிற்சி வகுப்புகள்! திட்டம் முடிந்த பிறகு அந்த மதிப்பெண் உயர்வும் கரைந்துபோனது. இதைப் படித்தபோது கென்யாவைப் பற்றிப் படிப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் பள்ளிகளில் தன்முனைப்பு முகாம்கள் நடக்கும். வெளியிலிருந்து ஒரு பேச்சாளர் வருவார். விளக்கை அணைப்பார்கள், மெல்லிய இசை ஓடும், தாய்தந்தையரின் தியாகம் பேசப்படும், பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுவார்கள், பெற்றோரின் பாதத்தைக் கழுவி வணங்குவார்கள். ஓர் ஆண்டு அப்படி ஒரு முகாமில் அழுதழுது கண் வீங்கிய ஒரு பெண்பிள்ளை மறுநாள் என் மேசைக்கு வந்து, "ஐயா, நான் நல்லா படிக்கணும். ஆனா எனக்கு இதை வாசிக்கத் தெரியலை" என்று பாடநூலை நீட்டினாள். அவளிடம் ஊக்கத்திற்கு என்ன குறை? ஊக்கம் நிரம்பி வழிந்தது. குறை வேறிடத்தில் இருந்தது. அம்முகாமுக்குச் செலவான தொகைக்கு எத்தனை வாசிப்பு நூல்கள் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் பார்த்தேன். அதை இங்கே எழுதி ஏற்பாட்டாளர்களை நோகடிக்க விரும்பவில்லை.

சரி, ஆசிரியருக்குச் சம்பளத்தை உயர்த்தினால்? ஆசிரியனாகிய எனக்கு மிகவும் இனிக்கும் யோசனை இது. நம் அண்டை நாடான இந்தோனேசியா இதைச் செய்தே பார்த்துவிட்டது. 2005ஆம் ஆண்டின் ஆசிரியர் சட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளத்திற்கு நிகரான படி வழங்கப்பட்டது; அதாவது, அடிப்படை வருமானம் இரட்டிப்பானது. 360 பள்ளிகளில் இதன் விளைவை ஆராய்ந்தவர்கள் 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது. பணக்கவலை குறைந்தது. பக்கவேலை பார்ப்போர் எண்ணிக்கை குறைந்தது. மாணவர்களின் கற்றலிலோ இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்தும் எந்த வேறுபாடும் தென்படவில்லை. அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே 'இரட்டிப்பு கொடுத்தும் ஒன்றுமில்லை' என்ற பொருளில்தான் அமைந்திருக்கிறது.

இதை எடுத்துக்கொண்டு, "பார்த்தீர்களா, ஆசிரியருக்குச் சம்பளம் தேவையில்லை!" என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். கடனில்லாமல் வாழும் உரிமை மாணவர் மதிப்பெண்ணைப் பொறுத்ததன்று. ஆய்வு காட்டுவது இவ்வளவே: மகிழ்ச்சியான ஆசிரியர் தாமாகவே வேறுவிதமாகக் கற்பிக்கத் தொடங்கிவிடுவதில்லை.

இதற்கு நேர்மாறான சான்றும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆந்திர மாநிலத்தின் சிற்றூர் அரசுப் பள்ளிகளில், மாணவர் முன்னேற்றத்தை அளந்து ஆசிரியருக்குச் சிறு ஊக்கத்தொகை கொடுத்த திட்டத்தைக் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆராய்ந்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், நூறு மாணவர்களின் வரிசையில் நடுவில் நிற்கும் ஒருவர் கணக்கில் ஏறத்தாழ பத்து இடமும் மொழியில் ஆறேழு இடமும் முன்னேறுவதற்கு ஒப்பான வளர்ச்சி ஏற்பட்டது. ஊக்கத்தொகையோடு இணைக்கப்படாத அறிவியலிலும் சமூகவியலிலும்கூட மாணவர்கள் மேம்பட்டார்கள். கென்யாவில் கரைந்தது ஆந்திராவில் ஏன் நின்றது? ஒரு வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆந்திராவில் ஒவ்வொரு பிள்ளையும் தான் முன்பு இருந்த நிலையிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதே அளக்கப்பட்டது. அடிமட்டத்துப் பிள்ளை நகர்ந்தாலும் ஆசிரியருக்குக் கணக்கு உண்டு. நம் 'ஏ' கணக்கில் அப்பிள்ளைக்கு இடமே இருந்ததில்லை.

கண்காணிப்பு என்னும் மூன்றாம் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். இராஜஸ்தானில் உதய்பூர் அருகே ஓராசிரியர் பள்ளிகளில், நாளும் பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நிற்கும் படத்தை நாள், நேரம் பதியும் கேமராவில் எடுக்கச் சொன்னார்கள். வந்த நாளைக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். ஆசிரியர் வராமை 42 விழுக்காட்டிலிருந்து 21 விழுக்காடாகப் பாதியானது. பிள்ளைகளும் கூடுதலாகக் கற்றார்கள். ஆசிரியரே வராத ஊருக்கு ஏற்ற மருந்து அது. நம் பள்ளிகளில் ஆசிரியர் வருகிறார். காலை ஏழரைக்கே வருகிறார். வந்த பிறகு அவர் நேரம் எங்கே போகிறது என்பதுதான் நம் சிக்கல்.

இப்போது என்னை மிகவும் சிந்திக்க வைத்த ஆய்வுக்கு வருகிறேன்.

இந்தியாவில் 'பிரதம்' என்றொரு தொண்டு நிறுவனம் உண்டு. 1990களின் நடுவில் மும்பையில் தொடங்கப்பட்டது. 2005 முதல் வீடுவீடாகச் சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி அளந்து வருகிறார்கள். அளவுகோல் ஒரே ஒரு தாள்தான். அதில் தனி எழுத்துகள், எளிய சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறதோ அதுவே அதன் நிலை. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பகுதியினர் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடியாமல் நின்ற செய்தி இப்படித்தான் வெளிவந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழியும் எளிமையானது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளை வகுப்பைப் பாராமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழுவாக்க வேண்டும். எழுத்தில் நிற்பவர்க்கு எழுத்து, சொல்லில் நிற்பவர்க்குச் சொல். நிலை உயர்ந்தவுடன் அடுத்த குழுவுக்கு மாற்ற வேண்டும்.

தொண்டர்கள் கற்பித்தபோது இம்முறை நன்றாகப் பலித்தது. அரசுப் பள்ளி ஆசிரியர் கற்பித்தால் பலிக்குமா? அதை அறியப் பீகாரில் சோதித்தார்கள். 2008 கோடை விடுமுறையில், பின்தங்கிய பிள்ளைகளுக்காக ஒரு மாத முகாம் நடந்தது. கற்பித்தவர்கள் அரசுப் பள்ளி ஆசிரியர்கள். பிள்ளைகளின் வாசிப்பு மேம்பட்டது. நல்லது என்று, அதே மாநிலத்தில் பள்ளி நாள்களிலும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதே முறையில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்றுப் பொருள்களும் கொடுத்தார்கள். உடனிருந்து உதவவும் ஆள் அனுப்பினார்கள். விளைவு? கற்றலில் எந்த மாற்றமும் இல்லை!

சற்று நின்று சிந்தித்துப் பாருங்கள். ஒரே வகை ஆசிரியர்கள். ஒரே பயிற்சி. ஒரே அட்டைகளும் நூல்களும். ஜூன் மாத முகாமில் பிள்ளைகள் கற்றார்கள். பள்ளி திறந்த பிறகு கற்கவில்லை. சோம்பல் காரணமென்றால் விடுமுறையில் அல்லவா அது கூடுதலாக இருந்திருக்க வேண்டும்? வகுப்பறைகளுக்குச் சென்று பார்த்தவர்கள் ஒன்றைக் கண்டார்கள். அட்டைகளும் நூல்களும் பயன்பட்டன. ஆனால் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிக்கும் வேலை மட்டும் நடக்கவில்லை. பள்ளி நாள்களில் ஆசிரியரின் 'வேலை' பாடநூலை முடிப்பது. மேலதிகாரி கேட்பது அதைத்தான். முகாமிலோ முடிக்க வேண்டிய பாடநூல் இல்லை. பிள்ளையை வாசிக்க வைப்பது ஒன்றே வேலை. அந்த வேலையை அவர்கள் செய்தார்கள்.

பின்னர் ஹரியானாவில் 2012–13இல் வேறு வழியில் முயன்றார்கள். நாள்தோறும் ஒரு மணி நேரத்தை அரசே இதற்கென்று ஒதுக்கியது. அந்த ஒரு மணி நேரத்தில் பாடநூல் கிடையாது; பிள்ளைகள் நிலைவாரியாகப் பிரிந்து அமர வேண்டும். வட்டார அளவிலான கல்வி மேற்பார்வையாளர்கள் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் முன்பு, தாங்களே சில வாரம் வகுப்பில் நின்று இம்முறையில் கற்பித்துப் பழகினார்கள். (நம் அதிகாரிகள் மூன்று வாரம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நிற்கும் காட்சியைக் கற்பனை செய்து பார்க்கிறேன். மரியாதையோடுதான்!) இம்முறை, வழக்கமான அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே, வழக்கமான பள்ளி நாளிலேயே, பிள்ளைகளின் இந்தி வாசிப்பு உயர்ந்தது. பேருயர்வு இல்லை, நூறு பேர் வரிசையில் ஆறு இடம் போல. ஆனால் பீகாரில் கிடைக்காதது இங்கே கிடைத்தது. ஆசிரியரின் உள்ளம் மாறவில்லை. அவரிடம் கேட்கப்பட்ட வேலை மாறியது.

அதே ஹரியானாவில், அதே காலக்கட்டத்தில், இன்னொரு திட்டமும் சோதிக்கப்பட்டது. தேர்வுகளின் அழுத்தத்தைக் குறைத்து, மாணவரை ஆண்டு முழுவதும் தொடர்ந்து மதிப்பிட்டுப் பதிவு செய்யும் திட்டம். கேட்டால் நம் வகுப்பறை மதிப்பீடுபோல் இல்லையா? அதனால் மாணவர் கற்றலில் எந்த முன்னேற்றமும் காணப்படவில்லை. காரணத்தை நம்மால் எளிதில் ஊகிக்க முடியும். அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கற்றல் தரத்திற்கும் குறித்து, கணினியில் ஏற்றிய பிறகு, 'அடைவுநிலை இரண்டு' என்று குறித்த பிள்ளைக்கு மறுநாள் காலையில் நாம் என்ன செய்கிறோம்? பெரும்பாலும் அடுத்த பாடத்தை நடத்துகிறோம். ஆண்டுப் பாடத்திட்டத்தில் அடுத்த வாரத்திற்கு அதுதான் எழுதப்பட்டிருக்கிறது. அளப்பதற்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அளந்ததைக் கொண்டு எதையும் செய்வதற்கு ஒதுக்கப்படவில்லை.

இனி நம் பள்ளிகளுக்கு வருவோம்.

2010இல் தொடங்கிய லைனஸ் திட்டம் முதல் மூன்று ஆண்டுப் பிள்ளைகளின் எழுத்தறிவையும் எண்ணறிவையும் சோதித்தது. அது பார்த்தது மலாய் மொழி வாசிப்பை. 2013 முதல் ஆங்கில வாசிப்பையும். தமிழ் வாசிப்பு அந்த அளவுகோலுக்குள் வரவில்லை. தமிழ்ப்பள்ளியிலேயே ஒரு பிள்ளை தமிழ் வாசிக்கத் தடுமாறினால் அதைக் கண்டறிவது அந்தந்த ஆசிரியரின் கையில் விடப்பட்டது. பல ஆசிரியர்கள் கண்டறிந்தார்கள். ஒரு பாடவேளையில் முப்பது பிள்ளைகளுக்கு நடுவே கண்டறியாமல் போனவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஏனெனில், தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை அதை மறைப்பதில் பெருந்திறமை படைத்தது.

பெருந்தொற்றுக்குப் பின் பள்ளிகள் முழுமையாகத் திறந்த காலத்தில், நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து மூன்றாம், நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்து வாசிக்கச் சொன்னோம். பாடநூலைத் தொடவில்லை. அவர்கள் முன்பு பார்த்திராத ஒரு சிறு பத்தியை நாங்களே எழுதிக்கொண்டோம். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் செய்யுளும் மொழியணியும் பகுதியில் எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரன். திருக்குறளைப் பொருளோடு கணீரென்று ஒப்பிப்பான். பள்ளி விழாவில் மேடையேறியவன். அவன் எங்கள் பத்தியின் முதல் சொல்லான 'கொக்கு' என்பதைப் பார்த்து நின்றுவிட்டான். ஒற்றைக் கொம்பும் காலும் ஓர் எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்பதை ஒரே ஒலியாகச் சேர்க்க அவனுக்குத் தெரியவில்லை. 'கெ' என்றான், பிறகு காலைத் தனியே பார்த்துத் திகைத்தான். நான்கு ஆண்டுகள் செவியாலும் நினைவாற்றலாலும் மட்டுமே கற்றுக்கொண்டு வந்திருக்கிறான்! அந்த நினைவாற்றலை நினைத்து வியப்பதா, வருந்துவதா?

அவனைப் போல் இன்னும் சிலர் இருந்தார்கள். சிலருக்குக் கொம்பும் காலும் தடை. சிலருக்கு ஒற்றெழுத்து வந்தால் தடை. வீட்டில் மலாயோ ஆங்கிலமோ பேசும் பிள்ளைகளுக்கு, ஒரே 'க' ஓரிடத்தில் வல்லோசையாகவும் ஓரிடத்தில் மெல்லோசையாகவும் ஒலிப்பது பெருங்குழப்பம். எழுத்துக்கூட்டி முடித்தாலும் அச்சொல் அவர்கள் காதில் முன்பே விழுந்திருந்தால்தானே அடையாளம் தெரியும்? ஒவ்வொருவரும் நிற்கும் படி வேறு. முப்பது பேருக்கும் ஒரே பாடம் நடத்தினால் இவர்களில் எவருக்கும் அது சென்று சேராது.

வாரத்தில் நான்கு நாள், சபை கூடல் இல்லாத காலைகளில், முதல் அரை மணி நேரத்தை இதற்கென்று எடுத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் இசைந்தார். மூன்று ஆண்டுப் பிள்ளைகளையும் கலந்து நான்கு குழுக்களாக்கினோம். ஐந்தாம் ஆண்டு மாணவியும் மூன்றாம் ஆண்டு மாணவனும் ஒரே பாயில் அமர்ந்தார்கள். தாழ்வுணர்ச்சி வந்துவிடுமோ என்று அஞ்சினோம். பெற்றோர் இருவர் கேட்கவும் செய்தார்கள். குழுக்களுக்குப் பறவைப் பெயர் வைத்தோம், வாரந்தோறும் யாராவது ஒருவர் குழு மாறியபடி இருந்தார். மாறிக்கொண்டே இருக்கும் குழுவில் முத்திரை ஒட்டிக்கொள்வதில்லை என்பதை அப்போது கண்டேன். 'கொக்கு'வில் நின்ற மாணவன் ஏழாம் வாரத்தில் தன் முதல் முழுப் பத்தியை வாசித்தான். வாசித்து முடித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான். அடுத்த பக்கம் வெற்றுத்தாள். "இன்னும் இருக்கா, ஐயா?" என்று கேட்டான்.

அன்று மாலையே நாங்கள் மூவரும் உட்கார்ந்து புதிய பத்திகள் எழுதினோம். எந்தச் சுற்றறிக்கையும் எங்களை எழுதச் சொல்லவில்லை. அடுத்த வாரம் முதலாம் ஆண்டு ஆசிரியை தாமாக வந்து, தம் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். பணி ஓய்வுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த ஒருவர், வாசிப்பு அட்டை வெட்டக் கத்தரிக்கோலோடு வந்து நின்றார்!

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த புதுமை இல்லை. அமெரிக்கச் சமூகவியலறிஞர் டான் லோர்ட்டி 1975இல் ஆசிரியத் தொழிலைப் பற்றி எழுதிய நூலில், ஆசிரியர்கள் தம் தொழிலின் தலையாய பலனாகக் கருதுவது மாணவரைச் சென்றடைந்தோம் என்ற உளநிறைவைத்தான் என்று காட்டினார். தாமஸ் கஸ்கி 1986இல் இன்னும் கூர்மையாக ஒன்றைச் சொன்னார். பயிற்சி கொடுத்தால் ஆசிரியரின் மனப்பான்மை மாறும், மனப்பான்மை மாறினால் கற்பித்தல் மாறும், அதனால் மாணவர் உயர்வார் என்றுதான் எல்லாரும் எண்ணுகிறார்கள். நடப்பதோ வேறு. முதலில் கற்பித்தலில் சிறு மாற்றம். அதனால் மாணவர் உயர்வதைக் கண்ணால் காண்பது. அதன் பின்புதான் ஆசிரியரின் நம்பிக்கையும் மனப்பான்மையும் மாறுகின்றன என்றார் அவர். ஊக்கம் முதலில் வருவதில்லை, பின்னால் வருகிறது. நாம் ஆண்டுதோறும் ஆசிரியர்களுக்கு நடத்தும் தன்முனைப்புப் பயிலரங்குகள் வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கின்றன என்று எனக்குப் படுகிறது.

பெற்றோர்களே, உங்களிடம் இரண்டு செய்திகள்.

அறிக்கை அட்டை வாங்க வரும் நாளில் "என் பிள்ளை எந்த அடைவுநிலை?" என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். புதிய பத்தி ஒன்றை உங்கள் முன்னிலையில் பிள்ளையை வாசிக்கச் சொல்லும்படி ஆசிரியரிடம் கேளுங்கள். வீட்டிலும் செய்து பார்க்கலாம். தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் நான்கு வரி போதும். பாடநூல் மட்டும் வேண்டாம், அது மனப்பாடமாகியிருக்கும்.

இரண்டாவது, புதிய ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது சொல்லும் சொல்லைப் பற்றியது. 1968இல் ரோசெந்தால், ஜேக்கப்சன் இருவரும் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். குலுக்கலில் எடுத்த சில பிள்ளைகளைச் சுட்டி, "இவர்கள் இவ்வாண்டு மலரப் போகிறவர்கள்" என்று ஆசிரியரிடம் சொன்னபோது, கீழ் வகுப்புகளில் அப்பிள்ளைகள் உண்மையிலேயே உயர்ந்ததாக அது கூறியது. அதைப் பலர் மறுத்தார்கள். பின்னர் 1984இல் ஸ்டீபன் ரவுடென்புஷ் அத்தகைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்தார். ஆசிரியர் அப்பிள்ளையோடு இரண்டு வாரத்திற்குமேல் பழகியிருந்தால் பிறர் சொல் ஏறக்குறைய எடுபடவில்லை; பழகும் முன்பு சொன்னால்தான் பலித்தது. ஆகவே, ஆண்டுத் தொடக்கத்தில், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே "இவனுக்குப் படிப்பு வராதுங்க டீச்சர், சும்மா விட்டுடுங்க" என்று சொல்லும் பெற்றோரை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அந்த இரண்டு வாரத்தில் அதைச் சொல்லாதீர்கள். பழைய வகுப்பாசிரியர்களும் புதிய வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டாம்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் பள்ளிகள் பலவற்றில் 150க்கும் குறைவான மாணவர்களே பயில்கிறார்கள். இதை எப்போதும் குறையாகவே பேசி வருகிறோம். ஆனால், ஆண்டுகளைக் கலந்து நிலைவாரியாகக் குழு அமைப்பது பெரிய பள்ளியில் பெருவேலை. எல்லாப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய சிறிய பள்ளியில் ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை. வாசிப்பு அட்டைகளுக்கும் பாய்களுக்கும் ஆகும் செலவு ஒரு முகாம் செலவில் சிறு பகுதி.

எங்கள் அரை மணி நேரம் எல்லா வாரமும் நடக்கிறதென்று எண்ணிவிட வேண்டாம். விளையாட்டுப் போட்டிப் பயிற்சி வந்தால் அது முதலில் பறிபோகிறது. மூவரில் ஒருவர் பயிலரங்குக்கு அழைக்கப்பட்டால் அவர் குழு மற்றொருவரின் பாயில் வந்து நெருக்கியடித்து அமர்கிறது. நாள் பாடத்திட்டத்தில் இந்நேரத்தை எந்தப் பாடத்தின் எந்தக் கற்றல் தரத்தின்கீழ் எழுதுவது என்ற கேள்விக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. இப்போதைக்குத் 'தமிழ்மொழி, வாசிப்பு' என்று எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த பருவத்தில் கணக்கிற்கும் இதே முறையை முயலலாம் என்று இருக்கிறோம். கழித்தலில் கடன் வாங்கத் தெரியாமல் ஆறாம் ஆண்டுவரை வந்துவிட்ட நால்வரை முதலாம் ஆண்டு ஆசிரியை ஏற்கெனவே அடையாளம் கண்டு, பட்டியலை என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.